வெட்டவெளியில் பிராங்ஹார்ன் வேட்டை: எந்தத் தோட்டா வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோவின் கிழக்குச் சமவெளி, வயோமிங்கின் சேஜ் புதர்வெளி. இரண்டிலும் மரம் கிடையாது, மறைவு கிடையாது, காற்று ஓய்வதும் கிடையாது. அங்கே உரிமம் எடுத்து பிராங்ஹார்ன் (மான்போன்ற வட அமெரிக்கக் கொம்பு விலங்கு) வேட்டைக்குப் போக நினைப்பவர்கள் ரைஃபிள் வாங்கும் முன் கேட்கும் கேள்விகள் இவை.

தூரத்தைக் கெஜத்திலும், குண்டின் எடையைக் கிரெய்னிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் சொல்கிறோம். அமெரிக்கத் தோட்டாப் பெட்டியில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன். "தோட்டா" என்றால் பித்தளைக் கூடு, தீ மூட்டும் பிரைமர், வெடிமருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப்பொருள். "குண்டு" என்றால் குழலை விட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். கடைக்காரர்கள்கூட இந்த இரண்டையும் குழப்புவதுண்டு.

பிராங்ஹார்ன் எவ்வளவு பெரிய விலங்கு? அதை வீழ்த்த எவ்வளவு சக்தி வேண்டும்?

நம் ஊர் வெளிமானைவிடச் சற்றுப் பெரியது. வல்லநாட்டிலோ கிண்டியிலோ பார்த்திருப்பீர்களே, அந்தக் கிடா 35, 40 கிலோ இருக்கும். பிராங்ஹார்ன் கிடா 45 முதல் 55 கிலோ. எலும்பு மெல்லியது, தோலும் தடிமனில்லை. சரியான இடத்தில் பட்டால் நடுத்தரத் தோட்டா எதுவும் அதை வீழ்த்திவிடும். சக்தி இங்கே பிரச்சினையே இல்லை.

இலக்கின் அளவுதான் பிரச்சினை. இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய 8 அங்குல வட்டம், சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. நடுவில் குறி வைத்தால் எந்தப் பக்கமும் 4 அங்குலம்தான் பிழைக்கு இடம். அதற்கு மேல் விலகினால் வயிற்றில் படும் அல்லது காலை உடைக்கும். மணிக்கு 50 மைலுக்கு மேல் ஓடக்கூடிய விலங்கு அது. காயத்தோடு ஓடினால் வேலி வேலியாகத் தாண்டித் தேட வேண்டியதுதான். (தாண்டுவது நீங்கள். அது வேலியைத் தாண்டுவது அபூர்வம். கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து போய்விடும்.)

ஒரே ஒரு தோட்டாவைச் சொல்லுங்கள் என்றால்?

6.5 கிரீட்மூர், 140 முதல் 143 கிரெய்ன் வேட்டைக் குண்டு. (தோட்டாப் பெயரில் இருக்கும் எண் குண்டின் தோராய விட்டம். 6.5 என்றால் மி.மீ., .243 என்பதுபோல் புள்ளியோடு தொடங்கினால் அங்குலம்.) அதுவே ஏன் என்பதைக் கீழே படியுங்கள். காரணம் புரிந்துவிட்டால் வேறு தோட்டாவை எடுத்தாலும் தப்பாகாது.

காற்று, காற்று என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது வேறு எதையும்விடப் பெரிய விஷயம் அதுதான்.

குண்டு இரண்டு வகையில் விலகும். புவியீர்ப்பால் கீழே இறங்கும், பக்கக் காற்றால் ஒதுங்கும். இறக்கம் கணக்குக்கு அடங்கும். லேசர் தூரமானியில் 312 கெஜம் என்று வந்தால், அட்டவணையைப் பார்த்து அத்தனை அங்குலம் மேலே வைத்துச் சுடலாம். காற்றை அப்படி அளக்க முடியாது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு வேகம், நடுவில் இருக்கும் பள்ளத்தில் இன்னொரு வேகம், விலங்கு நிற்கும் மேட்டில் மூன்றாவது வேகம். எவ்வளவு பழகினாலும் அது கணிப்புதான்.

ஆகவே "எது குறைவாக இறங்கும்?" என்று கேட்பதைவிட "நான் காற்றைத் தப்பாகக் கணித்தால் எது குறைவாகத் தண்டிக்கும்?" என்று கேளுங்கள்.

கடல்மட்டக் காற்றடர்த்தி, மணிக்கு 10 மைல் நேர்ப் பக்கக் காற்று, 200 கெஜத்தில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி வைத்த புள்ளியிலேயே குண்டு படும்) என்று வைத்துக்கொண்டு நாலைந்து தோட்டாக்களின் தோராயக் கணக்கு:

- .243 வின்செஸ்டர், 100 கிரெய்ன், 2,960 அடி: 300 கெஜத்தில் 8 அங்குலம் ஒதுங்கும், 400-இல் 15 அல்லது 16.
- 6.5 கிரீட்மூர், 143 கிரெய்ன், 2,700 அடி: 300-இல் 5, 400-இல் 9.
- .270 வின்செஸ்டர், 130 கிரெய்ன், 3,060 அடி: 300-இல் 7, 400-இல் 13.
- .308 வின்செஸ்டர், 150 கிரெய்ன் சாதாரண மென்முனைக் குண்டு, 2,820 அடி: 300-இல் 10, 400-இல் 19 அல்லது 20.
- 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம், 162 கிரெய்ன் நீள்முனைக் குண்டு, 2,940 அடி: 300-இல் 4, 400-இல் 8.

.270, கிரீட்மூரைவிட 360 அடி வேகமாகக் கிளம்புகிறது. 300 கெஜத்தில் அதன் இறக்கம் ஆறரை அங்குலம்தான். கிரீட்மூர் எட்டு அங்குலம் இறங்கும். ஆனாலும் காற்றில் கிரீட்மூரைவிட அதிகம் ஒதுங்குவது .270 தான். கிரீட்மூரின் குண்டு நீளமானது, கூர்முனையுள்ளது, காற்றைக் கிழித்துப் போகிறது. இதை அளக்கும் எண்ணுக்குப் பி.சி. என்று பெயர், தோட்டாப் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். எண் பெரியதாக இருந்தால் காற்று குறைவாகத் தள்ளும். 143 கிரெய்ன் 6.5 குண்டுக்கு 0.62-க்கு மேல். பழைய பாணி 150 கிரெய்ன் .308 குண்டுக்கு 0.34 அளவில்தான்.

இனி தண்டனைக் கணக்கு. காற்றை 5 மைல் தப்பாகக் கணித்துவிட்டீர்கள். 300 கெஜத்தில் கிரீட்மூர் குண்டு இரண்டரை அங்குலம் விலகும், இன்னும் நெஞ்சுக்குள்தான் இருக்கும். மேலே சொன்ன .308 குண்டு 5 அங்குலம் விலகிவிடும், அந்த 8 அங்குல வட்டத்தைத் தாண்டியாயிற்று. அதே தப்பை 400 கெஜத்தில் செய்தால் கிரீட்மூரே வட்டத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடும்.

கொலராடோ சமவெளி 4,000, 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றடர்த்தி குறைவு என்பதால் மேலே சொன்ன எண்களில் ஏழில் ஒரு பங்கு குறையும். ஆனால் அங்கே அடிக்கும் காற்று 10 மைலோடு நிற்பதில்லை.

என்னிடம் ஏற்கெனவே .308 அல்லது .30-06 இருக்கிறது. விற்றுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். குண்டை மாற்றுங்கள். .308-க்கு 165 முதல் 178 கிரெய்ன் வரையில் நீண்ட கூர்முனை வேட்டைக் குண்டுகள் கிடைக்கின்றன. பி.சி. 0.45-இலிருந்து 0.55 வரை இருக்கும். ஒதுக்கம் கணிசமாகக் குறையும். ரைஃபிள் வாங்கும் பணத்தில் பத்துப் பெட்டித் தோட்டாவும் தரமான ஸ்கோப் தாங்கியும் வாங்கினால் பிராங்ஹார்ன் உரிமம் வீணாகாது.

.243 போதுமா? சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு அதைத்தானே சொல்கிறார்கள்?

250 கெஜம் வரை தாராளமாகப் போதும். 1955-இல் .308-இன் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்த தோட்டா இது. உதை (சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது) மிகக் குறைவு, கடைகளில் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். அதன் குறை முறுக்கில் இருக்கிறது. அது தனிக் கேள்வி, கீழே பாருங்கள்.

அதே விட்டத்தில் 6 மி.மீ. கிரீட்மூர் இருக்கிறது. 103, 108 கிரெய்ன் நீண்ட குண்டுகளைச் சுடும். காற்றில் .243-ஐவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும், உதையோ ஏறக்குறைய அதே. புதிதாக வாங்குபவருக்கு உதை ஒத்துவராது என்றால் நாங்கள் இதைத்தான் சொல்வோம். சின்ன ஊர்க் கடையில் தோட்டா கிடைக்காமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

.25-06?

பிராங்ஹார்னுக்கென்றே பல வீட்டில் மூலையில் சாத்தி வைத்திருக்கும் துப்பாக்கி இது. பல பத்தாண்டுகள் தனியார் பட்டறைகளில் செய்யப்பட்டு வந்ததை 1969-இல் ரெமிங்டன் முறைப்படித் தொழிற்சாலைத் தோட்டாவாக்கியது. 115 முதல் 120 கிரெய்ன் குண்டு, 3,000 அடி வேகம், நேர்கோடுபோல் போகும். இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தேடி வாங்கக் காரணமில்லை.

.223-இல் சுடலாமா?

கொலராடோவில் சட்டப்படி முடியாது. அங்கே பெருவிலங்குக்குக் குறைந்தபட்ச விட்டம் .24 அங்குலம்.

மேக்னம் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்கிறார்களே?

மேக்னம் என்றால் கூடுதல் மருந்து அடைத்த பெரிய தோட்டா. காகிதத்தில் ஆகும். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தின் எண்கள் மேலே இருக்கின்றன, பட்டியலிலேயே அதுதான் சிறந்தது. தோளில் வைத்துச் சுடும்போது கதை மாறும்.

8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் உதையின் அளவு தோராயமாக: .243 என்றால் 9 அல்லது 10 அடி-பவுண்டு, 6.5 கிரீட்மூர் 12 அல்லது 13, .270 என்றால் 17, .30-06 மற்றும் 7 மி.மீ. மேக்னம் 20-ஐ ஒட்டி, .300 வின்செஸ்டர் மேக்னம் 25-க்கு மேல். 15-ஐத் தாண்டியதும் பெரும்பாலானவர்களின் உடம்பு அடியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். விசையை அழுத்தும் நொடியிலேயே கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குழல் கீழே சாயும். சுடுபவருக்கே தெரியாது. ரைஃபிள் சரியில்லை, ஸ்கோப் சரியில்லை என்று பழியைப் பொருள்மேல் போடுவார்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பயிற்சிக் களத்தில் உடன் இருப்பவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சில தடவை உண்மைத் தோட்டாவையும் சில தடவை வெற்றுப் பயிற்சித் தோட்டாவையும் உங்களுக்குத் தெரியாமல் போடச் சொல்லுங்கள். வெற்றுத் தோட்டாவில் "டிக்" என்று விழும்போது குழல் முனை குனிந்தால் விஷயம் அதுதான். அதற்கு மருந்து சிறிய தோட்டா அல்லது கனமான துப்பாக்கி. குழல் முனையில் பிரேக் பொருத்தலாம், உதை குறையும். ஆனால் சத்தம் பக்கவாட்டில் பாய்ந்து உடனிருப்பவரின் காதைப் பதம் பார்க்கும். காதுக்காப்பு இல்லாமல் பிரேக் துப்பாக்கியின் பக்கத்தில் நிற்காதீர்கள்.

குழலின் முறுக்கு என்றால் என்ன? ஏன் பார்க்க வேண்டும்?

குழலின் உட்புறம் திருகுபோல் வரிகள் ஓடும், குண்டைச் சுழலவைக்க. "1:8" என்றால் 8 அங்குலம் போவதற்குள் ஒரு முழுச் சுற்று. குண்டு நீளமாக ஆக வேகமான சுழற்சி வேண்டும். மெதுவாகச் சுழன்றால் பம்பரம் ஓய்ந்து தள்ளாடுவதுபோல் நீளக் குண்டும் தள்ளாடும்.

6.5 கிரீட்மூருக்கு 1:8 தான் வழக்கம், 147 கிரெய்ன் வரை நிலைப்படுத்தும். .243 பெரும்பாலும் 1:10 என்பதால் 100 கிரெய்னுக்கு மேல் நம்ப முடியாது. .270-க்கும் 1:10. பழைய .270 ரைஃபிளில் இப்போது வரும் மிக நீண்ட குண்டுகளைப் போட்டு ஏமாறுபவர்கள் உண்டு. அடையாளம் காகிதத்திலேயே தெரியும். துளை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம்போல் நீண்டிருந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. அந்தத் தோட்டா அந்தக் குழலுக்கு ஆகாது.

எந்த வகைக் குண்டு?

விரியும் குண்டாக இருக்க வேண்டும், கொலராடோவில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. முழு உறையிட்ட ராணுவக் குண்டு விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய்விடும்.

"மேட்ச்" என்று எழுதிய போட்டிக் குண்டை, துல்லியமாகப் போகிறது என்பதற்காக வேட்டைக்கு எடுக்காதீர்கள். விலங்குக்குள் அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் வடிவமைக்கவில்லை. அதே நிறுவனத்தின் வேட்டைக் குண்டு அதே மாதிரி நீண்ட முனையோடு கிடைக்கும்.

விரிவதற்குக் குறைந்தபட்ச வேகம் என்று ஒன்று இருக்கிறது. ஈயக் கரு உள்ள பெரும்பாலான குண்டுகளுக்கு 1,800 அடி என்று வைத்துக்கொள்ளலாம். கிரீட்மூரின் 143 கிரெய்ன் குண்டு 400 கெஜத்தில் 2,150 அடியோடு போய்ச் சேரும். மேலே சொன்ன மென்முனை .308 அதே தூரத்தில் 1,800-க்கே இறங்கிவிடும். படும், ஆனால் விரியுமா என்பது சந்தேகம்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 3,200, 3,300 அடியில் கிளம்பும் இலேசான குண்டு 80 கெஜத்தில் நிற்கும் கிடாவின் தோளில் பட்டால் அந்த முன்கால் முழுவதும் இரத்தம் கட்டிக் கூழாகிவிடும், சமைக்க ஆகாது. பிராங்ஹார்னில் இறைச்சியே கொஞ்சம்தான்.

செம்புக் குண்டு எடுக்கலாமா?

எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் எடுத்தே ஆக வேண்டும். 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு மாநிலம் முழுவதும் தடை. ஈயத் துணுக்குகள் குடலில் கலந்து கழுகுகளைக் கொல்கின்றன என்பதும், இறைச்சியிலும் தங்கும் என்பதும் காரணம்.

தேர்ந்தெடுக்கும்போது ஒரு படி இலேசானதை எடுங்கள். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு நீளம் கூடும், முறுக்கு போதாமல் போகலாம். 6.5-இல் ஈயம் 143 என்றால் செம்பு 120 அளவில். செம்பு விரிய வேகம் கூடுதலாக வேண்டும், 2,000 அடிக்குக் கீழே நம்பாதீர்கள். ஈயக் குண்டில் வைத்த ஜீரோ செம்புக்குப் பொருந்தாது, மறுபடி வையுங்கள். மாற்றும் முன் குழலைச் சுத்தமாகத் துடைத்து எடுங்கள்.

ஜீரோ எப்படி வைப்பது?

ஸ்கோப் தாங்கித் திருகுகளை முறுக்குவிசை அளக்கும் திருப்புளியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். "ரைஃபிள் தினம் ஒரு இடத்தில் அடிக்கிறது" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கேதான் முடியும்.

முதலில் 25 கெஜத்தில் ஒரு குண்டு. நடுவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைத் திருத்துங்கள். கால் எம்.ஓ.ஏ. (கோண அளவு) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 கெஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும், 25 கெஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கை மறந்து "கிளிக் வேலை செய்யவில்லை" என்று ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

பிறகு 100 கெஜம். மூன்று குண்டு சுடுங்கள், மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திருத்தினால் வால் பிடித்த நாய்போல் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். குழல் சூடாகி, தொட்டால் கையை எடுக்கத் தோன்றினால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மெல்லிய வேட்டைக் குழல் சூட்டில் குறி மாறும்.

கிரீட்மூரை 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் 200-இல் நடுவில் அடிக்கும். 250-இல் மூன்றரை அங்குலம் கீழே. அதாவது 250 கெஜம் வரை கணக்கே போட வேண்டாம், நெஞ்சின் நடுவில் வைத்துச் சுடலாம். 300-இல் எட்டு அங்குலம் இறங்கும். முதுகுக் கோட்டில் குறுக்குக்கோட்டை வைத்தால் நெஞ்சின் நடுவில் போய் இறங்கும்.

கடைசியாக 300 கெஜத்தில் உண்மையாகவே சுட்டுப் பாருங்கள். அட்டவணை சொல்வதும் காகிதம் சொல்வதும் வேறாக இருந்தால் காகிதத்தை நம்புங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே போகிறது என்றும் பாருங்கள். வேட்டையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த முதல் குண்டு மட்டும்தான். விமானத்திலோ வண்டியிலோ பயணம் செய்து போய்ச் சேர்ந்ததும் இரண்டு குண்டு சுட்டுச் சரிபாருங்கள்.

பெட்டியில் 2,700 அடி என்று போட்டிருக்கிறது, என் துப்பாக்கியில் 2,600 தான் வருகிறது. ஏன்?

பெட்டி எண் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் எடுத்தது. உங்கள் குழல் 20 அங்குலமாக இருக்கலாம். ஒரு அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி குறையும். வேகமானியில் அளந்து, அந்த எண்ணைக் கொடுத்துப் புதிய அட்டவணை எடுங்கள்.

காற்றை எப்படிக் கணிப்பது?

முகத்தில் இலேசாகத் தெரிந்தால் 4 முதல் 7 மைல். சேஜ் கிளைகளும் புல்லும் ஓயாமல் ஆடினால் 8 முதல் 12. வண்டித்தடத்தில் புழுதி கிளம்பினால் 13-க்கு மேல். கையடக்கக் காற்றுமானி உங்கள் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். விலங்குக்குப் பக்கத்தில் புல் எப்படிச் சாய்கிறது என்று தொலைநோக்கியில் பார்த்து இரண்டையும் சேர்த்து முடிவெடுங்கள்.

திசையில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். விலங்கு நிற்கும் திசையைக் கடிகாரத்தில் 12 என்று வையுங்கள். 3 அல்லது 9-இலிருந்து வந்தால் முழுத் தள்ளல். 1 மணித் திசையிலிருந்து வந்தால் பாதி. 45 பாகையில் வந்தாலும் பாதி என்றுதான் பலர் நினைப்பார்கள். அது தப்பு, அங்கே 70 சதவீதம். 2 மணித் திசை என்றால் ஏறக்குறைய முழுசாகவே கணக்கில் எடுங்கள்.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

தோட்டாவின் எல்லையைக் கேட்காதீர்கள், உங்கள் எல்லையை அளந்துகொள்ளுங்கள். 8 அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை வையுங்கள். மேசையில் அல்ல, தரையில் படுத்தோ, முக்காலித் தாங்கியில் உட்கார்ந்தோ ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் கடைசித் தூரம் உங்கள் எல்லை. காற்று 15 மைலுக்கு மேல் இருந்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு இது 200-க்கும் 300-க்கும் நடுவில் வரும். வெட்கப்பட ஒன்றுமில்லை. மேட்டுக்குப் பின்னால் ஊர்ந்து போய் தூரத்தைக் குறைக்கலாம். முழங்கால் பட்டையும் தடித்த கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி. படுத்துச் சுடத் திட்டமிட்டுப் போய், படுத்ததும் சேஜ் புதர் மறைத்து ஒன்றும் தெரியாமல் தவிப்பது முதல் தடவை போகும் பலருக்கும் நடப்பதுதான். உட்கார்ந்து சுடும் உயரத்துக்கு ஒரு தாங்கி கையில் இருக்கட்டும்.

குறி எங்கே? எப்போது சுடக்கூடாது?

பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால், அடிவயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே. ஓடும்போது வேண்டாம். பின்னால் இன்னொன்று நிற்கும்போது வேண்டாம். இந்தத் தோட்டாக்கள் எல்லாமே ஊடுருவி வெளியே போய் அடுத்ததிலும் படும், உரிமமோ ஒன்றுக்குத்தான். வானவிளிம்பில் நிற்பதையும் சுடாதீர்கள். சமவெளியில் குண்டைத் தடுக்க ஒன்றுமில்லை, தவறிய குண்டு இரண்டு மைலுக்கு மேலும் போகும், அந்தப் பக்கம் பண்ணை வீடு இருக்கலாம்.

இதே ரைஃபிளில் எல்க்கும் வேட்டையாடலாமா?

எல்க் பெரிய மான் இனம், காளை 300 கிலோவுக்கு மேல். .270-இல் 150 கிரெய்ன், .30-06-இல் 180, 7 மி.மீ. மேக்னத்தில் 160 என்று பிரியாத, உறுதியான குண்டோடு தாராளமாக. கிரீட்மூரில் 250 கெஜத்துக்குள், பக்கவாட்டில் மட்டும். இரண்டு உரிமமும் உறுதியாக எடுக்கப்போகிறீர்கள் என்றால் .270 தான் நியாயமான நடுவழி. 1925-இல் வந்தது, இன்னும் எந்த மலையோர ஊர்க் கடையிலும் கிடைக்கும். 6.5 பி.ஆர்.சி. என்ற தோட்டாவும் நல்லதுதான், விலை கொஞ்சம் உறுத்தும்.

தோட்டா மாறிப்போனால் என்ன ஆகும்?

குழல் வெடிக்கலாம். .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைஃபிளின் அறைக்குள் சில சமயம் நுழைந்துவிடும். பெரிய குண்டு சிறிய குழலுக்குள் போக வழியில்லாமல் துப்பாக்கியே சிதறும். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடித்தட்டில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பையில் ஒரு வகைத் தோட்டா மட்டும் போடுங்கள்.

கொலராடோ சட்டம் தோட்டாவைப் பற்றி என்ன சொல்கிறது?

மான், பிராங்ஹார்ன், கரடிக்கு விட்டம் குறைந்தது .24 அங்குலம், விரியும் குண்டு குறைந்தது 70 கிரெய்ன், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். எல்க்குக்கும் மூஸுக்கும் குண்டு 85 கிரெய்ன். குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அரைத்தானியங்கி ரைஃபிளில் மொத்தம் ஆறு தோட்டாதான். உடம்பில் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையிலும் அதே நிறம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் எல்லாமே மாறும், போகும் ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரைஃபிள் வைத்திருக்கலாமா?

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் "வைத்திருப்பது" கணக்குத்தான். ஆகவே உரிமம் முதலில், பயிற்சிக் களம் பிறகு. உரிமம் காலாவதியானால் விதிவிலக்கும் அன்றோடு போயிற்று. பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது.

எத்தனை பெட்டி தோட்டா வாங்குவது?

பெட்டிக்கு 20 தோட்டா. ஐந்து பெட்டி, ஐந்திலும் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண். எண் பெட்டியின் மடிப்பில் அல்லது உள்ளே அச்சிட்டிருக்கும். லாட் மாறினால் வேகமும் குறியும் சற்று மாறலாம். ஜீரோவுக்கும் 300 கெஜச் சோதனைக்கும் 25, காகிதத் தட்டுப் பயிற்சிக்கு 50, போய்ச் சேர்ந்ததும் சரிபார்க்க 5. மீதி 20 வேட்டைக்கு. அதில் மூன்றுக்கு மேல் செலவானால் திரும்பி வந்து காகிதத் தட்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.